முதல் பஸ்ஸுக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டைக் காலையில் பதறாமல் நடத்துவது எப்படி என்று ஒருநாள் ரேடியோவில் ஒரு அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். சீருடையை முந்தின நாளே எடுத்து வையுங்கள், புத்தகப் பையை மாலையிலேயே அடுக்குங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுங்கள் என்றார். நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. சீருடை கொடியில் தயாராகத்தான் தொங்கியது. பை அடுக்கியாயிற்று. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட நான் அங்கே இருந்தால்தானே! வந்துட்டாங்க பெருசா சொல்றதுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே ரேடியோவை நிறுத்தினேன்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கஹவத்தைப் பக்கம் எங்கள் தோட்டம். மேலே தேயிலை, கீழே ரப்பர். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் நாங்கள் இருட்டோடு மலைக்குப் போய்விடுவோம். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கத்தியும் வாளியுமாக நாங்கள் இறங்கும்போது கொழுந்து பறிக்கிற பெண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களுக்கு வேறு கஷ்டம். ஆனால் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அவர்களுடைய நேரத்துக்குத்தான் திறக்கும். கொழுந்துக்காரப் பெண்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற நேரம் அது. பால் வெட்டுகிறவளும் பிள்ளை பெறுவாள் என்று அந்த நேரத்தை வைத்தவருக்குத் தோன்றவே இல்லை போலும்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் அப்போது பத்தாம் ஆண்டு. அடுத்தவன் நாலாம் ஆண்டு. கடைக்குட்டிக்கு மூன்று வயது நடந்தது. அவர்களுடைய அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்கட்டில் நிற்கிறார். மாதத்தில் ஒரு தடவை வருவார், சில மாதம் அதுவும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் டவுனில் இருக்கிறது. சந்திக்கு முதல் பஸ் வருவது பிள்ளைக்காம்பரா திறப்பதற்கு முன்னால். அதில் போனால் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் பாடம் முடிந்திருக்கும். நான் மலையில் இருப்பேன், பிள்ளைக்காம்பரா கதவு பூட்டியிருக்கும், முதல் பஸ் போய்க்கொண்டிருக்கும். அந்த நடுநேரத்தில் கடைக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மூத்தவள்.

நான் போன பிறகு அவள் எழும்புவாள். பீலியில் வரிசை நீளுவதற்கு முன்னால் இரண்டு குடம் தண்ணீர் பிடிப்பாள். தேத்தண்ணி ஊற்றுவாள். தம்பியை எழுப்பி, குளிக்கவைத்து, சப்பாத்தைத் தேடிக் கொடுத்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளோடு முதல் பஸ்ஸுக்கு அனுப்புவாள். பிறகு சின்னவனைக் கழுவித் துடைத்து, ரொட்டியைப் பிய்த்து ஊட்டி, தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்காம்பரா வாசலில் நிற்பாள். கதவு திறந்ததும் அவனை விட்டுவிட்டுச் சந்திக்கு ஓடுவாள். வெள்ளைச் சீருடையில் அவன் துப்பிய சீனிக் கறையோடுதான் பாதி நாள் போயிருக்கிறாள். வகுப்பில் சிரித்தார்கள் என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

மழை பெய்தால் எல்லாம் தலைகீழ். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பாலெல்லாம் பட்டையில் வழிந்து வீணாகிவிடும். அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது, கூலியும் இல்லை. ஆனால் நான் வீட்டில் இருப்பேன். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதுமே மூத்தவள் படுக்கையில் இருந்தபடி, "அம்மா, இன்னைக்கு வெட்டு இல்லதானே?" என்பாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒனக்கென்னடி, அரிசி வானத்துலருந்தா கொட்டுது?" என்று கத்துவேன். கத்திவிட்டு அவளுக்குத் தலை சீவிப் பின்னி விடுவேன். அன்றைக்கு அவள் குடையைப் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போவாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச்சொல்லி ஆள் விட்டார்கள். வாசலில் நின்று நேரம் பிந்தி வருகிறவர்களைப் பிடிக்கிற சார் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"ஒங்க மகளுக்கு என்னம்மா பிரச்சினை? வெயில் அடிச்சா லேட்டு. மழை கொட்டுற நாள்ல ஊரே லேட்டா வருது, இவ மட்டும் எல்லாருக்கும் முந்தி வந்து நிக்கிறா. என்னைக் கேலி பண்றாளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் இன்னும் கறுத்தது. அவர் வேறு ஊர்க்காரர், ரப்பர் மரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். மழைக்கும் வெட்டுக்கும் உள்ள சங்கதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அப்ப புள்ளைக்காம்பராவ கொஞ்சம் வெள்ளனத் தொறக்கச் சொல்லுங்களேன்" என்றார்.

"நான் சொன்னா தொறந்துருவாங்களா சார்? தொறக்கிற மாதிரி இருந்தா ஒங்ககிட்ட ஏன் வந்து நிக்கிறேன்?"

"எனக்கு வெளங்குதும்மா. ஆனா இவ ஒருத்திய விட்டா நாளைக்கு அத்தனை பேரும் ஒரு கதையோட வருவாங்க. சட்டம்னா எல்லாருக்கும்தான்."

சட்டம் என்னவென்றால், பிந்தி வருகிறவர்கள் முதல் பாடம் முடியும்வரை வெளியில் நின்று முற்றத்தில் சருகு பொறுக்க வேண்டும். முதல் பாடம் வாரத்தில் முக்கால்வாசி நாள் கணக்கு. என் மகள் கணக்குப் பாடம் நடக்கிற வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே குனிந்து சருகு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே பேசுவது கேட்குமாம், கரும்பலகை தெரியாதாம். இதை அவள் சொல்லவில்லை, அவளுடைய கூட்டாளிப் பிள்ளை சொன்னாள். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற ஓ.எல் பரீட்சைக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. அந்தப் பிள்ளை மேலே படிக்குமா, இல்லை என்னைப் போல் வாளியைத் தூக்குமா என்பது கணக்கில்தான் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சும்மா இருக்கவில்லை. முதலில் பிள்ளைக்காம்பரா அக்காவிடம் போனேன். அவளும் எங்கள் லயத்துப் பெண்தான்.

"அக்கா, ஒரே ஒரு புள்ள. கொஞ்சம் முந்தி தொறந்தா போதும்."

"ஒன் ஒரு புள்ளைக்குத் தொறந்தா வெட்டுக்காரவுக அத்தனை பேரும் கொண்டாந்து போட்ருவாங்க தங்கச்சி. எனக்கும் வீட்ல அடுப்பு இருக்கு. நேரத்துக்கு முந்தி வந்த புள்ள விழுந்து மண்டைய ஒடச்சா தோட்டத்துத் தொரை என்னையத்தானே கேப்பாரு?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இந்தக் கதையில் நான் போய் நின்ற இடத்திலெல்லாம் ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்.

கங்காணியிடம் கொழுந்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். "வெட்டத் தெரிஞ்ச ஆளே இல்லாம மரமெல்லாம் சும்மா நிக்குது, நீ வேற!" என்று கையை விரித்தார். சின்னவனை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்ப் பார்த்தேன். அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம், கொசு வேறு. இரண்டாம் நாளே கங்காணி, "ஏம்மா, பாம்பு கீம்பு கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு அரைப் பேர்கூட விழவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தத்தோடு பேசினார்.

"பொம்பளப் புள்ள கொஞ்சம் லேட்டா போனா குடியா முழுகிப்போகும்? பையன் அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப் எழுதணும், அவன மட்டும் கொழப்பிராத."

"அவளும்தான் ஓ.எல் எழுதணும். அது பரீட்சை இல்லையா?"

"அப்ப என்னய என்னா செய்யச் சொல்ற? வேலைய விட்டுட்டு வந்து புள்ளைக்குச் சோறு ஊட்டவா?"

"வந்து ஊட்டுங்களேன். கை தேஞ்சா போயிரும்?"

வைத்துவிட்டார். ஒரு வாரம் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை, போங்கடா என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் வழி திறந்தது நான் நினைக்காத இடத்தில். சந்தியில் ஒரு சிங்கள அக்கா சின்னதாகக் கடை வைத்திருந்தார். பாண், பருப்பு, சீனி, பிள்ளைகளுக்கு டொஃபி. மூத்தவள் தினமும் மூச்சு வாங்க ஓடிவந்து இரண்டாவது பஸ்ஸுக்கு நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். என்ன ஏது என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "தாலா பலயங் துவே, மங் பலாகன்னங்" என்றாராம். விட்டுட்டுப் போ மகளே, நான் பாத்துக்கிறேன் என்று. பிள்ளைக்காம்பரா திறந்ததும் கொழுந்துக்குப் போகிற பெண் ஒருத்தி அந்த வழியாக வந்து சின்னவனைக் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு சதம் வாங்கவில்லை அந்த அக்கா. தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிய சோறு கொஞ்சம் கொடுத்தனுப்பினால் மட்டும் வாங்கிக்கொள்வார்.

அந்தத் தவணை முழுக்க மூத்தவள் முதல் பஸ்ஸில் போனாள். வீடே மாறிப்போனது. சாயந்திரம் குப்பி லாம்பு மாதிரி மங்கியிருந்த பிள்ளை வாய் ஓயாமல் பேசினாள். கணக்கில் நாற்பத்திரண்டு எடுத்துவிட்டு, "அம்மா, முந்தி பத்தொம்பதும்மா!" என்று குதித்தாள். சின்னவன் சிங்களத்தில் "கிரி தென்ன" என்று பால் கேட்கப் பழகியிருந்தான். நானும் மலையில் சாடையாகப் பாட்டு முணுமுணுத்தேன். பக்கத்து வரிசையில் வெட்டுகிறவள், "என்னா, வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்று கிண்டல் பண்ணினாள். "வந்தாத்தான் பாட்டு நின்னுபோகுமே" என்றேன்.

ஒருநாள் காலை, மலை அடிவாரத்திலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதமே சரியில்லை. கத்தியோடு ஓடினேன்.

நடந்தது இதுதான். பஸ் வந்ததும் சின்னவன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து மேசைக்குப் பின்னால் உட்காரவைப்பது வழக்கம். அன்றைக்கு யாரோ பருப்புக் கேட்டு, கடை அக்கா நிறுக்கத் திரும்பியிருக்கிறார். இவன் இறங்கி, போகிற பஸ்ஸுக்குப் பின்னால் "அக்கா, அக்கா" என்று ரோட்டில் ஓடியிருக்கிறான். பின்னால் மணல் லொறி. மூத்தவள் பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட கூச்சலில் கண்டக்டர் மணியை அடித்தாராம். லொறிக்காரன் பிரேக்கை மிதித்து, வண்டி ரோட்டோரச் சாக்கடைக் கானுப் பக்கம் சரிந்து நின்றிருக்கிறது. பிள்ளை தடுக்கி விழுந்ததில் முழங்கால் உரசியது, வேறொன்றுமில்லை. லொறியின் முன் சில்லு ஒரு முழம் தள்ளி நின்றதாகச் சொன்னார்கள். அதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க மாட்டேன்.

நான் போனபோது மூத்தவள் கடைப் படியில் அவனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீருடையெல்லாம் சேறு. கடை அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். லொறிக்காரன் பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினேன். கடை அக்காவை, லொறிக்காரனை, கொழும்பில் இருந்த மனுஷரை, தோட்டத்தை, சாமியை. மூத்தவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அம்மா, நான் இனிமே முதல் பஸ்ல போகல."

"வாய மூடுடி. ஒன்ன யாரு கேட்டா?"

"நான் ஏறுறதப் பாத்துத்தானேம்மா ஓடியாறான். நான் ரெண்டாவதுலயே போறேன். சருகு பொறுக்குனா என்னா, செத்தா போயிருவேன்?"

அவளுக்குப் பதினைந்து வயது. போ, முதல் பஸ்ஸிலேயே போ என்று சொல்லியிருந்தால், மறுநாள் பிள்ளையை யாரிடம் விடுவேன்? அவளை அணைத்துக்கொள்ளவும் இல்லை, கையெல்லாம் ரப்பர் பால். "எழும்பு, வீட்டுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு எல்லாம் பழையபடி. வெயில் நாளில் சருகு, மழை நாளில் கணக்கு. அந்த வருஷமென்று பார்த்து மழையும் ஏமாற்றியது. நான் பால் வெட்டுகிறவள், மழை வரட்டும் என்று வானத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். கேட்டால் பைத்தியம் என்பார்கள். கூட்டாளிப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து மூத்தவள் கணக்கு எழுதுவாள். விடை இருக்கும், அது எப்படி வந்தது என்று இவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தம்பியைக் கேட்கலாமா என்று சிரிப்பாள், அவன் அப்போது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். டியூஷனுக்கும் அனுப்பிப் பார்த்தேன். அடிப்படை தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் அங்கே ஓட்டம். இவள் பின்னால் உட்கார்ந்து கரும்பலகையை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள்.

பரீட்சை நாட்களில் நான் வெட்டுக்குப் போகவில்லை. கங்காணி கத்தினார், கத்தட்டும் என்று இருந்தேன். எல்லா நாளும் நானே தலை பின்னி, நானே சந்திவரை கொண்டுபோய் முதல் பஸ்ஸில் ஏற்றினேன். கணக்குப் பரீட்சை அன்றைக்குத் திரும்பி வந்தவள் புத்தகப் பையைக் கழற்றி மூலையில் வைத்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. அவள் அடுப்பை மூட்டினாள்.

ரிசல்ட் போனில்தான் வந்தது. தமிழ், சமயம், வரலாறு எல்லாம் நல்லா இருந்தது. இரண்டாம் மொழி சிங்களத்துக்கு ஏ. விஞ்ஞானம் போயிற்று, கணக்கும் போயிற்று. அவளுடைய கூட்டாளிப் பிள்ளை பாஸ். மூத்தவள் அவளுக்குப் போன் எடுத்து நல்ல குரலில் வாழ்த்துச் சொன்னாள். பிறகு பீலிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை, அங்கேயாவது அவள் தனியாக இருக்கட்டும் என்று.

அப்பா கொழும்பிலிருந்து வந்தார். திரும்ப எழுதலாமே புள்ள என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். "எழுதுறேன்ப்பா, பொறகு எழுதுறேன்" என்றாள். டவுனில் ஒரு புடைவைக் கடையில் ஆள் கேட்டார்கள். தமிழ் முதலாளி, ஆனால் வருகிறவர்கள் பாதிக்கு மேல் சிங்களவர். இரண்டு மொழியும் சுத்தமாகப் பேசுகிற பெண் பிள்ளை வேண்டும் என்றார்களாம். இவளைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள். கடை திறக்கும்போது நிற்க வேண்டும், பிந்தினால் சரிவராது என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

வருஷம் பிறந்தது. கடைக்குட்டி ஒன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஒருநாள் லீவு கேட்டு நானும் கிளம்பினேன். இனிப் பிள்ளைக்காம்பரா தேவையில்லை, காத்து நிற்க வேண்டியதில்லை, பிந்த வேண்டியதில்லை. மூன்று பிள்ளைகளும் நானும் முதல் பஸ்ஸில் ஏறினோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் எல்லாரும் ஒன்றாக அதில் போனது அன்றைக்குத்தான். மூத்தவள் சின்னவனுக்கு மூக்கைத் துடைத்து, கழுத்துப்பட்டியைச் சரி பண்ணி, டீச்சர் பேசும்போது எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் அவளுடைய விரலை விடவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் பஸ் நின்றது. நானும் இரண்டு பையன்களும் இறங்கினோம். அவளோடு படித்த பிள்ளைகள் சிலர் வெள்ளைச் சீருடையில் இறங்கினார்கள். ஓ.எல் பாஸாகி மேலே ஏ.எல் வகுப்புக்குப் போகிறவர்கள். அவள் புடைவைக் கடை கொடுத்த நீலச் சட்டையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் திரும்பி, "அக்கா, எறங்கு" என்று கூப்பிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

வாசலில் அதே சார் நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதல் மணிகூட இன்னும் அடிக்கவில்லை. சின்னவனின் தலையைத் தடவி, "பரவாயில்லையே, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்று சிரித்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மூத்த மகள் எங்கம்மா?"

"அவளும் இந்த பஸ்லதான் சார் வந்தா" என்றேன். "கடைக்குப் போறா."